உப்புக் காற்றில் நாலு மாதம்: தலையில் கட்டும் ரோச் லைற்றும் கடலோரச் சிலந்தித் தேடலும்

இந்த ரோச்சை மீன்பிடிக்கென்று நான் வாங்கவில்லை. கரண்ட் போனால் குசினிக்கு வெளிச்சம் வேண்டும் என்றும் வாங்கவில்லை. இரவில் கடல் வற்றும் நேரம் பாறை இடுக்குகளில் சிலந்தி பார்ப்பதற்காகவே வாங்கினேன். பங்குனியில் வாங்கியது, இப்போது ஆடி. விலை 4,850 ரூபா. கடை திருகோணமலை ரவுனுக்குள்தான், பெயர் சொல்லவில்லை. ஏன் என்பது கீழே வரும். ரோச்சின் மேல் ஒரு பெயர் அச்சடித்திருந்தது, இரண்டாம் மாதமே அழிந்துபோய்விட்டது. அதே அச்சில் நாலைந்து பெயரில் விற்கிறார்கள். ஆகவே பெயரைப் பார்க்காமல் அமைப்பைப் பாருங்கள்: நெற்றியில் ஒரு வட்ட விளக்கு, அதற்குள்ளேயே பற்றரி, தலையைச் சுற்றி ஒரு பட்டி, உச்சி வழியாக இன்னொரு பட்டி, வலது பக்கத்தில் ஒரேயொரு பொத்தான். எங்கள் வீட்டுத் தராசில் 118 கிராம்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன், உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அப்பா கரைவலைத் தொழில் செய்தவர். சின்ன வயதில் அவரோடு வாடிக்குப் போனால் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் மணலில் ஓடும் நண்டும் பூச்சியும்தான் எனக்கு விளையாட்டுச் சாமான். அந்த ஆசை இன்னும் விடவில்லை.

சிலந்தி ஏன் என்று சொல்லாவிட்டால் ரோச்சைப் பற்றி நான் சொல்லப்போவது விளங்காது. டெசிடே என்று ஒரு சிலந்திக் குடும்பம் இருக்கிறது. 1895இல் போகொக் என்ற ஆய்வாளர் வைத்த பெயர். அந்தக் குடும்பத்தில் எல்லாமே கடலோரத்தில் இருப்பவை இல்லை. அவுஸ்திரேலியாவில் வீட்டு யன்னல் மூலையில் வலை கட்டுகிற கறுப்பு வீட்டுச் சிலந்தியும் இதே குடும்பம்தான். ஆனால் அதற்குள் டெசிஸ் என்ற பேரினம் கடல் வற்றுகிற, பெருகுகிற அந்த இடைப்பட்ட பட்டியிலேயே குடியிருக்கிறது. பாறை வெடிப்பு, முருகைக்கல் ஓட்டை, செத்த சிப்பியின் கூடு, கடற்பாசி கல்லைப் பற்றிக்கொள்ளும் வேர்ப்பிடி, இவைதான் அதன் வீடு. உள்ளே நூலால் சுவர் பூசி, வாயையும் நூலால் அடைத்துவிடும். பெருக்கு வந்து கல்லை மூடினால் சிலந்தி உள்ளே அடைபட்ட காற்றோடு இருக்கும். வற்று வந்ததும், அதுவும் இரவு வற்றாக இருந்தால், வெளியே வந்து பாசிக்குள் துள்ளும் சின்னச் சின்னப் பூச்சிகளைப் பிடிக்கும். முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய தாடைகள்தான் அதன் அடையாளம்.

நியூசிலாந்தில் டெசிஸ் மரினா என்ற இனம் தடித்த பெருங்கடற்பாசியின் வேர்ப்பிடிக்குள் இருக்கிறது. அது எப்படி அவ்வளவு நேரம் தண்ணீருக்குள் தாக்குப்பிடிக்கிறது என்று பார்த்த ஆய்வொன்று 1983இல் வந்தது. 19 நாள் வரை மூழ்கிக் கிடந்து உயிரோடு இருந்திருக்கிறது. அதற்குச் செவுளும் இல்லை, வேறு மந்திரமும் இல்லை. கூட்டுக்குள் பிடித்து வைத்த காற்று, அதோடு மிகக் குறைவாக ஒட்சிசன் செலவழிக்கும் உடம்பு, அவ்வளவுதான். வகுப்பில் சுவாசம் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் இதைச் சொல்கிறேன். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கே மெய்சிலிர்க்கும்.

2017இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரையிலிருந்து புதிதாக விபரித்த ஓர் இனத்துக்கு பொப் மார்லியின் பெயரையே வைத்தார்கள், டெசிஸ் பொப்மார்லியி. ஆனால் என்னைப் பிடித்திழுத்தது அதுவல்ல. 1927இல் சென்னை அரும்பொருட்காட்சியகத்தின் கிரேவ்லி, மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்குப் பக்கத்திலிருக்கும் குருசடைத் தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றி எழுதியபோது, டெசிஸ் இனெர்மிஸ் என்ற இனத்துக்குப் பெயர் வைத்தார். குருசடை என்பது மன்னாருக்கு எதிர்க்கரை. அந்த வரியை வாசித்த அன்று எனக்கு நித்திரையே வரவில்லை. எங்கள் கரையில் ஒருவரும் இரவு வற்றில் குனிந்து பார்க்கிறார்களா என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன். அந்தக் கிழமைதான் ரோச் வாங்கப் போனேன்.

(ஒரு குழப்பத்தைத் தீர்த்து வைக்கிறேன். புத்தகங்களில் ‘கடற்சிலந்தி’ என்று போட்டிருக்கும், நீண்ட கால்களோடு கடலடியில் நடக்கும் பிராணி வேறு. அது சிலந்தியே அல்ல, பிக்னோகொனிட் என்ற தனி வகுப்பு. நான் சொல்வது உண்மையான, நூல் நூற்கும் சிலந்தியை.)

இனி ரோச்.

பெட்டியில் பெரிய எழுத்தில் வெளிச்சத்தின் அளவு 1,000 லூமன் என்று போட்டிருக்கிறது. கடைக்காரத் தம்பியும் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “டீச்சர், இது அடிச்சா அங்கால கடல் தெரியும்.” எனக்குக் கடல் தெரியத் தேவையில்லை. என் முழங்காலுக்குக் கீழே ஒரு முழம் பாறை தெரிந்தால் போதும். திருகோணமலையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஒரு மீற்றர் உயரம்கூட வராது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் கொஞ்சம் கூடும். அதனால் நாங்கள் பார்க்கவேண்டிய பட்டி மிக ஒடுக்கம்: மேலே உப்புக் காய்ந்து வெள்ளைக் கோடு போட்ட இடத்திலிருந்து, கீழே அலை நக்கும் பாசி வரை. இதற்கு முழு வெளிச்சம் கெடுதல். ஈரப் பாறை கண்ணாடி மாதிரித் திருப்பி அடிக்கும், கண் கூசும், இருக்கிற பூச்சியெல்லாம் இடுக்குக்குள் ஓடிவிடும். ஆகவே இந்த ரோச்சை நான் மதிப்பிடுவது அதன் அடிமட்ட வெளிச்சத்தை வைத்து.

அந்த அடிமட்டம் அருமை. மஞ்சள் சாயல், ஒரே சீராகப் பரவும் வட்டம், நடுவில் குத்துகிற புள்ளி இல்லை. இந்த அளவில் வைத்து நாலு இரவு, இரவுக்கு இரண்டு மணித்தியாலம் பாவித்தேன், ஒரே சார்ஜில். சிவப்பு வெளிச்சமும் உண்டு. பல சிலந்திகளுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. வெளியே வந்த ஒன்றை ஓடவிடாமல் பார்த்துக்கொண்டிருக்க அது உதவுகிறது.

ஆனால் பொத்தானை அமைத்தவர் ஒருநாளும் இருட்டில் ஒரு உயிரைப் பார்க்கப் போனவராக இருக்க முடியாது. ஒருமுறை அமத்தினால் முதலில் வருவது ஆக உச்ச வெளிச்சம். இரண்டாம் அமத்தலில் நடு, மூன்றாவதில்தான் அடி. ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் அந்த 1,000 லூமன் பாறையில் விழுந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத்தான் எனக்கு வேண்டியது வருகிறது. இரண்டு செக்கன் அமத்திப் பிடித்தால் நேரே சிவப்பு வரும், அது ஒன்றுதான் ஆறுதல். இப்போது நான் செய்வது, இடது உள்ளங்கையால் விளக்கைப் பொத்திக்கொண்டு மூன்று தரம் அமத்திவிட்டுக் கையை எடுப்பது. பழகிவிட்டது. ஆனாலும் இது பெரிய குறைதான். வாங்குகிறவர்கள் கடையிலேயே அமத்திப் பாருங்கள். அடியிலிருந்து ஏறுகிற மாதிரி ஒன்று கிடைத்தால் 500 ரூபா கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை.

கையில் பிடிக்கும் ரோச் போதாதா என்று என் தம்பி கேட்டான். போதாது. கோட்டை வாசலடியில் நிற்கிற மான்களை இரவில் பார்த்திருப்பீர்கள், மோட்டார்சைக்கிள் வெளிச்சம் பட்டதும் கண் இரண்டும் பச்சையாக எரியும். கண்ணுக்குப் பின்னாலிருக்கும் பளபளப்பான படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. தரையில் ஓடி இரை பிடிக்கும் ஓநாய்ச் சிலந்திகளுக்கும் அப்படியொரு படலம் உண்டு. ஒளி வந்த வழியே திரும்பிப் போவதால், ரோச் எங்கள் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் அந்த மின்னல் எங்கள் கண்ணில் விழும். இடுப்பளவில் பிடித்த ரோச்சில் ஒன்றும் தெரியாது. இதைத் தம்பிக்கு முற்றத்திலேயே செய்து காட்டினேன். நெற்றியில் கட்டியதும் புல்லுக்குள் பத்துப் பன்னிரண்டு நீலப்பச்சைப் பொட்டுகள். இடுப்புக்கு இறக்கியதும் வெறும் புல். பிறகு அவன் ஒன்றும் கதைக்கவில்லை, குச்சவெளிக்கு ஓட்டோ பேசித் தந்தான்.

குச்சவெளிக்கு ஏன் போனோம் என்றால், உப்புவெளிக் கரை முழுக்க மணல். பாறை வேண்டும். புறாத்தீவில் முருகைக்கல் இருக்கிறது, ஆனால் அது தேசியப் பூங்கா. இரவில் போகிற இடமுமில்லை, கல்லைப் புரட்டுகிற இடமுமில்லை. குச்சவெளிப் பாறைகள் கடலுக்குள் இறங்கிப்போகும், இடையிடையே தண்ணீர் தேங்கும் குழிகள். வைகாசி அமாவாசைக்கு அடுத்த இரவு நான், தம்பி, தம்பியின் மகன் மூன்று பேரும் போனோம். மருமகனுக்குப் பதினாலு வயது. தோணிக்குக் காவலிருந்த ஒரு நானா எங்களைப் பார்த்துவிட்டு, என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். சிலந்தி என்றேன். “எட்டுக்கால் பூச்சியா டீச்சர்? அதுக்கு வீட்டுக்குள்ளயே தேடலாமே” என்றார். கடலுக்குள் மூழ்கியிருக்கும் சிலந்தியைப் பற்றிச் சொன்னதும் எழுந்து வந்து, எந்தப் பக்கத்தில் கல் வழுக்காது என்று முன்னால் நடந்து காட்டினார்.

முதலில் சாதாழை ஒதுங்கிக் கிடந்த மணல் விளிம்பு. அடிமட்ட வெளிச்சத்தில் ஒரு இடத்தில் பெரிய பொட்டு இரண்டு மின்னியது. அதைச் சுற்றிச் சர்க்கரை கொட்டின மாதிரிப் பொடிப்பொடியாக இன்னும் எத்தனையோ மின்னல். குனிந்தேன். என் பெருவிரல் நகத்தளவு உடம்பு, சாம்பல் நிறம், மணலோடு மணலாக. முதுகு மட்டும் தடிப்பாக, கரடுமுரடாக இருந்தது. மருமகன் காதுக்குள் கேட்டான்: “மாமி, இதுக்கு முதுகில மயிர் முளைச்சிருக்கா?” மயிரில்லை, குஞ்சுகள். தாய் ஓநாய்ச் சிலந்தி முட்டைப் பையை வயிற்று நுனியில் கட்டிக்கொண்டு திரியும். பொரித்ததும் குஞ்சுகள் முதுகில் ஏறிக் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கும். அந்தச் சர்க்கரைப் பொடி அத்தனையும் குஞ்சுகளின் கண். ஒரு குஞ்சு பிடி வழுகி மணலில் விழுந்தது. தாய் அசையவில்லை. குஞ்சு முன்னங்காலைத் தடவித் தடவி, தாயின் பின்னங்காலைக் கண்டுபிடித்து, அதிலே ஏறி மேலே போய்ச் சேர்ந்தது. அது முடியும்வரை நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடவில்லை. ரோச் அந்த நேரம் சிவப்பில் இருந்தது. 1,000 லூமனில் இது கிடைத்திருக்காது.

பிறகு பாறைக்குப் போனோம். இங்கேதான் விளக்கின் சாய்வு முக்கியம். ‘கடக் கடக்’ என்று ஐந்து படியாகக் கீழே சாய்கிறது. கடைசிப் படியில் என் கால்விரல் வரை தெரிகிறது. வழுக்கும் கல்லில் கழுத்தை மடக்காமல் காலடியைப் பார்க்கலாம். நாலு மாதத்துக்குப் பிறகும் அந்தப் படிகள் தளரவில்லை.

பாறையின் வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு சாண் கீழே, காலைக் கிழிக்கும் அந்த ஒட்டுச் சிப்பிகளின் கூட்டத்தில், செத்துக் காலியான ஒன்றின் வாயில் நூல் கட்டியிருந்தது. சிலந்தி நூல்தான், சந்தேகமில்லை. வலை மாதிரி இல்லை, தோல் மாதிரி. பனங்கிழங்கின் உள்தோல் எப்படி இருக்கும், அப்படி மெல்லிசாக, இறுக்கமாக. ஒரு ஓரத்தில் மட்டும் மடித்துத் திறக்கிற மாதிரி ஒரு பிளவு. போனில் மாட்டும் சின்ன லென்ஸால் படம் எடுத்தேன். (அந்த லென்ஸ் தனிக் கதை: 1,200 ரூபா, இரண்டு சென்ரிமீற்றர் கிட்டப் போனால்தான் தெளியும், ஓடுகிற எதற்கும் உதவாது, கூட்டுக்கும் நூலுக்கும் நல்லது.) அது டெசிஸ் என்று நான் சொல்ல வரவில்லை, குதிக்கும் சிலந்திகளும் காலிக் கூடுகளுக்குள் நூல் கட்டிப் படுக்கும். குத்தித் திறந்து பார்க்கலாம் என்று தம்பி சொன்னான். விடவில்லை. உள்ளே முட்டை இருந்தால், அடுத்த பெருக்கில் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். சிவப்பு வெளிச்சத்தில் இருபது நிமிடம் குந்தியிருந்தோம். அலை ஏறி வந்து எங்கள் பாதத்தை நனைத்தது, பிறகு சிப்பியை மூடியது. பிளவு விளிம்பில் ஒரு காற்றுக்குமிழி வந்து ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது.

இப்போது கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். சார்ஜ் பண்ணும் வாயை ஒரு றப்பர் மூடி மூடுகிறது. அந்த மூடி விளக்கோடு ஒட்டியிருக்கிற இடம் நூலளவு மெல்லிசு. மூன்றாம் கிழமையே கிழிந்தது. பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருக்கிறார்கள். அதன் அர்த்தம் எந்தப் பக்கமிருந்தும் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பது. முக்கலாம் என்றோ, கடற்தண்ணீருக்கு ஒத்துவரும் என்றோ அல்ல. அந்தச் சோதனையெல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. கடற்தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து மறுபடி நனையும். ஒருநாள் சார்ஜ் ஏறவில்லை என்று பார்த்தால் வாய்க்குள் செம்பெல்லாம் பச்சைக் களிம்பு.

கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கும்போது ஆறு மாதம் மாற்றித் தருவோம் என்று சொன்ன அதே ஆள், “உப்புப் பட்டதுக்கு நாங்க பொறுப்பில்ல டீச்சர்” என்றார். திருகோணமலையில் கடை வைத்துக்கொண்டு, கடற்கரைக்குப் போகிறேன் என்று சொல்லி வாங்கின ஆளிடம், உப்புப் படக்கூடாது என்பதை விற்கும்போதல்லவா சொல்லவேண்டும்? அது எனக்கு இன்னும் மனவருத்தம்தான். போன் திருத்துகிற ஒரு பெடியன் ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கும் பிரஷும் வைத்துச் சுரண்டித் தந்தான், 300 ரூபா வாங்கினான். மூடிக்குப் பதிலாகச் சைக்கிள் ரியூபில் ஒரு வளையம் வெட்டி விளக்கைச் சுற்றி இறுக்கமாகப் போட்டேன், வாய் அதற்குள் அடங்கிவிட்டது. இரண்டரை மாதமாக ஒரு பிரச்சினையுமில்லை. வீட்டுக்கு வந்ததும் வளையத்தைக் கழற்றாமல் நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசி, துணியால் ஒற்றி, நிழலில் வைப்பேன். மறுநாள்தான் வளையத்தை இறக்கிச் சார்ஜ் போடுவது.

நெற்றிப் பட்டி வியர்வையையும் உப்பையும் குடித்து விறைக்கும். கழற்றித் தோய்க்கலாம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாடைக்காற்று தொடங்கினால் இந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும், பாறைப் பக்கம் போகவே முடியாது. அதற்கிடையில் ஆவணி அமாவாசை இருக்கிறது. போன கிழமை மருமகன் தனக்கும் ஒரு ரோச் வேண்டும் என்று நின்றான். பொத்தான் அடியிலிருந்து ஏறுகிற மாதிரி ஒன்று ரவுனில் நாலு கடை ஏறியும் கிடைக்கவில்லை. கடைசியில் இதே அமைப்பில்தான் வாங்கினோம், வேறு கடையில், 4,600 ரூபாவுக்கு. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அவன் சைக்கிள் ரியூபை வெட்டினான்.